விண்கலத்தில் லாக் டேபிள்

அன்புள்ள சார்,

1950களில் வந்த அமெரிக்க அறிவியல் புனைகதைகள் சிலவற்றை விடுமுறையில் படித்தேன். பல இடங்களில் சிரிப்புதான் வந்தது. ஹைன்லைனின் ‘ஸ்டார்மேன் ஜோன்ஸ்’ நாவலில் கலம் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவுகிறது. வழி கணக்கிடுகிறவர்களோ அச்சடித்த அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டி, எண்களை மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அசிமோவின் கதைகளில் வரும் மல்டிவாக் என்ற கம்ப்யூட்டர் மைல் கணக்கில் நீள்கிறது. எதிர்காலத்தை இவ்வளவு தப்பாகக் கணித்த கதைகளை இன்று எதற்குப் படிக்க வேண்டும்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தாராளமாகச் சிரியுங்கள். கிளார்க்ஸ் டேபிள் என்ற லாக் அட்டவணைப் புத்தகத்தோடு பரீட்சை எழுதப் போன எங்கள் தலைமுறைக்கே அந்த இடத்தில் சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் எதிர்காலத்தைக் கணிக்க உட்கார்ந்தார்கள் என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

‘ஸ்டார்மேன் ஜோன்ஸ்’ வந்தது 1953இல். ஹைன்லைன் அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். அன்றைய மாலுமிகள் நடுக்கடலில் நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, அட்டவணையைப் புரட்டித்தான் கப்பல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அந்தக் கப்பலைத்தான் அவர் அப்படியே விண்ணில் ஓட்டினார். கதையின் முடிச்சும் அதில்தான் இருக்கிறது. அட்டவணைப் புத்தகங்கள் காணாமல் போகின்றன. அவற்றை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு பையன் கலத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறான். இன்றைய கம்ப்யூட்டரை அங்கே வைத்தால் அந்தப் பையனுக்கு வேலையே இல்லை.

மல்டிவாக் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 1952 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல். முடிவு இழுபறி என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக யுனிவாக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. ஏறத்தாழ 5,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட ராட்சத யந்திரம் அது. வாக்குகளில் சிறு பகுதி எண்ணப்பட்டிருந்தபோதே வேட்பாளர் ஐசன்ஹோவருக்கு, அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் 438 கிடைக்கும் என்றது. யாரும் நம்பவில்லை. யந்திரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து, அந்தக் கணிப்பை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். கடைசியில் அவருக்குக் கிடைத்தவை 442.

மூன்றே வருடத்தில், 1955இல், அசிமோவின் ‘ஃப்ராஞ்சைஸ்’ சிறுகதை வந்தது. கதை நடப்பது 2008இல். வாக்குச்சாவடி கிடையாது. நாடு முழுவதற்குமாக மல்டிவாக் ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. இண்டியானாவில் ஒரு சாதாரணக் குடும்பஸ்தர். அவரிடம் சில கேள்விகள் கேட்கிறார்கள். அதில் ஒன்று, முட்டை விலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பது. முட்டை விலை அவருக்குத் தெரியாது. அந்தப் பதில்களை வைத்துத் தேர்தல் முடிவை யந்திரமே சொல்லிவிடுகிறது. குறைந்த வாக்குகளை வைத்தே முடிவைச் சொல்ல முடியுமென்றால், எல்லாரும் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்? 1952இல் அந்த ராத்திரி டிவி பார்த்த யாருக்கும் வந்திருக்கக்கூடிய கேள்விதான் அது. அசிமோவ் அதைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார், அவ்வளவுதான். யந்திரத்தின் நீளத்தை மட்டும் பார்த்தால் முட்டை விலையைக் கோட்டைவிட்டுவிடுவீர்கள்.

யந்திரம் சுருங்கும் என்று அவருக்குத் தெரியாமலும் இல்லை. 1956இல் வந்த ‘தி லாஸ்ட் க்வெஸ்சன்’ கதையில் கம்ப்யூட்டர் விண்கலத்தில் பாதி இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. பின்னால் கம்ப்யூட்டரோடு பேசுகிற தொடர்புக் கருவி பைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இந்தக் கதைகளுக்கு எப்போது மவுசு கூடும், எப்போது குறையும் என்பதிலும் நம் கணக்கு அவ்வளவு நேராக வராது. 1957இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் மேலே போனதும் விண்வெளிக்கதைப் பத்திரிகைகள் பறந்து விற்றிருக்கும் என்றுதானே நினைப்போம்? அடுத்த சில ஆண்டுகளில் பல பத்திரிகைகள் நின்றுபோயின. அமெரிக்கன் நியூஸ் கம்பெனி என்ற பெரிய விநியோக நிறுவனம் அதே 1957இல் கடையைக் கட்டியது அதற்கு முக்கியக் காரணம். இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று பெரிதாகப் பேசுகிறோம். பத்திரிகையைக் கடையில் கொண்டுபோய்ப் போடுகிற ஆளும் அந்தக் காலத்தில் அடக்கம்.

இதற்காகப் பழைய கதை எல்லாவற்றையும் நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். என் எரிச்சல் வேறு இடத்தில். ஒளியைவிட வேகமாகக் கலத்தை ஓட்டியவர்களில் பலரால், அதன் கட்டளை அறையில் ஒரு பெண்ணை உட்காரவைத்துப் பார்க்க முடியவில்லை. யந்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினார்கள். வீட்டை மட்டும் 1950இல் இருந்தபடியே நட்சத்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். லாக் டேபிளை விட்டுவிட்டு அதைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்றால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.