தாவலின் தூரம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். 'டூம் ரெய்டர்' வீடியோ கேம் தொடரை அதன் முதல் பாகத்திலிருந்தே விளையாடி வருபவன் நான். அண்மையில் 2013ஆம் ஆண்டுப் பாகத்தையும் அதன் பின்தொடர்ச்சிகளையும் மீண்டும் விளையாடி முடித்தேன். காட்சிகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பழைய பாகங்களில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் நின்று தயங்கிய அந்தப் பதற்றம், யாருமற்ற இடத்தில் தனியாக இருக்கிறோம் என்ற உணர்வு, இரண்டும் இப்போது கிடைப்பதில்லை. இது என் வயதின் ஏக்கம்தானா, அல்லது உண்மையிலேயே ஏதோ ஒன்று கைவிட்டுப் போய்விட்டதா? இத்தனை மாறிய பிறகு பழைய பெயரையே வைத்திருப்பது நேர்மையா? கல்லூரியில் படிக்கும் என் மகள் இத்தொடரை விளையாட விரும்புகிறாள். அவளை எங்கிருந்து தொடங்கச் சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏக்கமும் ஓரளவு இருக்கத்தான் செய்யும். முப்பரிமாண உலகம் ஒன்றில் முதன்முதலாக நடந்து திரிந்த வியப்பு எவருக்கும் மறுமுறை வாய்ப்பதில்லை. ஆயினும் நீங்கள் சொல்லும் குறையின் பெரும்பகுதிக்கு விளையாட்டின் கட்டுமானத்திலேயே காரணம் இருக்கிறது. அதைக் கட்டம் கட்டமாக எண்ணியே காட்ட முடியும்.

1996இல் இங்கிலாந்தின் டெர்பி நகரிலிருந்த கோர் டிசைன் நிறுவனத்தில் ஒரு சிறு குழு உருவாக்கிய முதல் பாகத்தில், உலகம் முழுவதும் ஒரே அளவுள்ள சதுரக் கட்டங்களால் ஆனது. குகைத் தரை, கோயில் படி, நீர்த்தொட்டி, இடிந்த பாலம் என எதுவானாலும் அந்தக் கட்டக்கணக்குக்குள் அடங்கியே ஆகவேண்டும். தொடரின் நாயகி லாராவின் உடலசைவுகளும் அதே கணக்குக்குப் பொருத்தப்பட்டிருந்தன. நின்ற இடத்திலிருந்து தாவினால் ஒரு கட்ட இடைவெளியைத் தாண்டலாம். ஓடித் தாவினால் இரண்டு. ஓடித் தாவி எதிர்விளிம்பைக் கைகளால் பற்றினால் மூன்று. ஓடுவதற்கு வேண்டிய இடத்தைப் பெற, விளிம்புவரை நடந்து சென்று, பின்னோக்கி ஒருமுறை குதித்தால் போதும்; அங்கிருந்து ஓடத் தொடங்கித் தாவல் பட்டனை அழுத்தினால், கால் சரியாக விளிம்பில் வந்து எம்பும். நடக்கும் பட்டனை அழுத்தியிருக்கும்வரை அவள் விளிம்பிலிருந்து தவறி விழமாட்டாள். பற்றுவதற்கான பட்டனை நாம்தான் அழுத்த வேண்டும். மறந்தால், கை நீளாது, எதிர்ச்சுவரில் மோதிக் கீழே விழுவாள்.

இவ்வளவு கறாரான விதிகள் ஒரு விளையாட்டை வறட்டுத்தனமாக ஆக்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. விதிகள் மாறாதவை என்பதால் ஒவ்வொரு பள்ளமும் நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்டது: இங்கிருந்து அங்கே எத்தனை கட்டம்? பதில் தெரியாமல் தாவியவன் செத்தான், செத்ததற்கு வேறு எவர்மேலும் பழிபோட அவனுக்கு வழியில்லை. பிளேஸ்டேஷன் பதிப்பில் படிகங்கள் இருக்கும் இடங்களில் மட்டுமே சேவ் செய்ய, அதாவது அதுவரை ஆடியதைப் பதிந்துவைக்க, முடிந்தது என்பதால், தவறான கணிப்பின் விலை இன்னும் கூடியது. நீங்கள் விளிம்பில் நின்று தயங்கினீர்களே, அந்தத் தயக்கம் அச்சம் மட்டுமல்ல, கணக்குப் போடும் நேரம். அந்த நேரத்தில் காதில் விழுந்தது பெரும்பாலும் லாராவின் காலடியோசையும் குகைக்காற்றும் மட்டுமே. இசை அரிதாகத்தான் வரும், எதிரிகளும் பெரும்பாலும் விலங்குகள். நீங்கள் குறிப்பிடும் தனிமை இந்தக் கணக்கின் உடன்விளைவு என்றே நான் நினைக்கிறேன். ஒரு முடிவைத் தானே எடுத்தாக வேண்டியவன் தனியாகத்தான் இருப்பான்.

இதை ஏற்றுக்கொண்டால், ஒரு தொடரின் மாற்றத்தை எங்கே தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடும். லாராவின் முகம், உடை, கடந்தகாலம், ஆயுதம் ஆகியவற்றின் மாற்றங்களைப் பற்றியே பலரும் விவாதிக்கிறார்கள். அவை கண்ணுக்குத் தெரிபவை, ஆகவே விவாதிக்க எளியவை. விளையாடுபவர் எதைக் கணிக்க வேண்டும் என்று விளையாட்டு எதிர்பார்க்கிறது என்பதே தொடரின் முதுகெலும்பு என்பது என் கருத்து. அந்த எதிர்பார்ப்பு மாறும்போதுதான் தொடர் மாறுகிறது.

அந்த மாற்றம் 2013இல் தொடங்கியது என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1997இல் வந்த இரண்டாம் பாகத்திலேயே துப்பாக்கி ஏந்திய மனிதர்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். படகும் பனிவண்டியும் சேர்ந்தன. எங்கு வேண்டுமானாலும் சேவ் செய்யலாம் என்றும் ஆனது. லாராவை வடிவமைத்த டோபி கார்ட் அதற்குள் நிறுவனத்தைவிட்டு விலகியிருந்தார். 1996 முதல் 2000 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து பாகங்கள் வந்தன. மூன்றாம் பாகத்தில் தவழ்தல், நான்காம் பாகத்தில் கயிற்றில் ஆடுதல் எனப் புதிய அசைவுகள் சேர்ந்துகொண்டே போயின. அடியிலிருந்த கட்டம் மட்டும் அப்படியே இருந்தது. உருவாக்கியவர்களே களைத்துப்போய், 1999இல் வந்த நான்காம் பாகத்தின் முடிவில் லாராவை இடிந்து விழும் பிரமிடுக்குள் விட்டுவிட்டு வெளியேறினார்கள். வணிகம் அவர்களை விடவில்லை. அடுத்த ஆண்டே இன்னொரு பாகம் வந்தது. ஒரு நல்ல காரியமும் அப்போது நடந்தது. ஐந்தாம் பாகத்தின் கணினிப் பதிப்போடு, விளையாட்டின் லெவல்களை நாமே கட்ட உதவும் லெவல் எடிட்டரையும் வெளியிட்டார்கள். அதைக்கொண்டு ரசிகர்கள் உருவாக்கிய லெவல்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கட்டம் என்ற எளிய விதி எவர் கையிலும் பழகக்கூடியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2003இல் பிளேஸ்டேஷன் 2க்காகவும் கணினிக்காகவும் வந்த 'தி ஏஞ்சல் ஆஃப் டார்க்னெஸ்' பிழைகள் மலிந்த நிலையில் வெளியாகித் தோற்றது. அதைப் பற்றி விரிவாகப் பேச இங்கே இடமில்லை. அதன் பேராசையின்மேல் எனக்கு இன்னும் ஒரு பரிவு உண்டு என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். தோல்வியின் விளைவாக, வெளியீட்டாளரான ஈடோஸ் நிறுவனம் தொடரைக் கோர் டிசைனிடமிருந்து எடுத்து அமெரிக்காவின் கிரிஸ்டல் டைனமிக்ஸிடம் ஒப்படைத்தது. 2006இல் அவர்கள் வெளியிட்ட 'லெஜண்ட்' பாகத்தில் கட்டக்கணக்கின் சுவடே இல்லை. விளிம்பை நெருங்கினால் லாராவின் கைகள் தாமாகவே பற்றின. பிடி நழுவும்போது மட்டும் ஒரு பட்டனை அழுத்தி மறுகையை ஊன்றச் செய்ய வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் காதில் நிகழ்ந்தது. லாரா ஒரு ஒலிக்கருவியை அணிந்துகொள்ள, அவளுடைய உதவியாளர்கள் இருவர் வழியெங்கும் பேசிக்கொண்டே வந்தார்கள். உரையாடல் நகைச்சுவையாக எழுதப்பட்டிருந்தது, கைக்கும் விளையாட்டு இதமாக இருந்தது. நான் அதை விரும்பியே விளையாடினேன். ஆனால் யாருமற்ற கல்லறைக்குள் ஒருவர் கூடவே பேசிக்கொண்டு வந்தால் அது யாருமற்ற கல்லறையாக இருக்க முடியாது.

மாற்றத்தின் அளவை அறிய எவருக்கும் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதல் பாகத்தையே கிரிஸ்டல் டைனமிக்ஸ் 2007இல் 'ஆனிவர்சரி' என்ற பெயரில் புதிதாகச் செய்தது. இரண்டிலும் பெரு நாட்டின் மறைந்த பள்ளத்தாக்கு வருகிறது, இரண்டிலும் அங்கே டைனோசர் உண்டு. 1996இல் அந்த விலங்கு எவ்வித அறிவிப்புமின்றித் தூரத்து இருளிலிருந்து ஓடிவந்தது. கேமரா நம் கையைவிட்டு விலகவில்லை. ஓடுவதா சுடுவதா என்பதை அந்தக் கணத்தில் நாமே தீர்மானித்தோம். 2007இல் அதன் வருகை திரைப்படக் காட்சியாகிவிட்டது. சண்டையும் ஒரு குறிப்பிட்ட முறையில், விலங்கைச் சினமூட்டி, நேரம் மெதுவாகும் நொடியில் விலகிச் சுடுவதாக ஆனது. பின்னது நன்றாகச் செய்யப்பட்ட காட்சி. முன்னதைக் காட்சி என்று சொல்லவே முடியாது. அது நமக்கு நேர்ந்த ஒன்று.

2013ஆம் ஆண்டுப் பாகம் இந்தத் திசையில் இறுதிவரை சென்றது. தாவவேண்டிய விளிம்புகளில் வெள்ளைப் பூச்சு இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் பயன்படும் பொருட்களெல்லாம் ஒளிர்ந்தன. தொடரின் பெயரிலேயே இருக்கும் கல்லறைகள் ('டூம்' என்றால் கல்லறை) விரும்பினால் எட்டிப் பார்க்கலாம் என்ற அளவில் ஒற்றை அறைப் புதிர்களாகச் சுருங்கின. ஒரு இளம்பெண் துன்பத்தின் வழியாக உறுதிபெறும் கதையை அது வலுவாகவே சொன்னது. ஆனால் தூரத்தைக் கணிக்கும் வேலை நம்மிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இதற்குப் படைப்பாளிகளின் அலட்சியத்தைக் காரணமாகச் சொல்வது சரியல்ல. அப்போது வெளியீட்டாளராக இருந்த ஸ்கொயர் எனிக்ஸ், அந்தப் பாகம் சில வாரங்களில் 34 லட்சம் பிரதிகள் விற்ற பிறகும், விற்பனை எதிர்பார்ப்பை எட்டவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. அவ்வளவு விற்றும் போதாது என்ற நிலையில் இருக்கும் ஒரு நிறுவனம், மூன்றாவது குதிப்பிலேயே செத்து எரிச்சலடையும் வாங்குநரை இழக்கத் துணியாது. செலவு கூடக்கூட, விளையாடுபவர் தவறு செய்வதற்கான உரிமை குறைந்துகொண்டே வருகிறது.

அப்படியானால் காலமும் தொழில்நுட்பமும் இட்ட கட்டளை இது என்று எண்ணத் தோன்றும். அதற்கு நிண்டெண்டோவின் 'செல்டா' தொடர் மறுப்பாக நிற்கிறது. 1986இல் தொடங்கிய அத்தொடர் 2017இல் 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' பாகத்தில் தன் பழைய அமைப்பை ஏறத்தாழ முழுவதும் கலைத்தது. அதில் எந்தப் பாறையிலும் ஏறலாம். ஆனால் ஏற ஏறத் தெம்பைக் காட்டும் வட்டம் குறைகிறது, மழை பெய்தால் கை வழுக்குகிறது. அடிவாரத்தில் நின்று, நடுவில் கால் ஊன்ற இடம் உண்டா, உச்சிவரை தெம்பு தாங்குமா என்று நாம் கணிக்க வேண்டியிருக்கிறது. அதில் கட்டம் எதுவும் இல்லை, கணக்கு இருக்கிறது. அந்தப் பாகம் பெருவெற்றியும் பெற்றது. 'டூம் ரெய்டர்' கைவிட்ட கேள்வியை வேறொரு தொடர் வேறொரு வடிவில் கேட்டது என்றே அதைப் பார்க்கிறேன்.

இனி, பெயர் பற்றிய உங்கள் கேள்வி. பெயரை வைத்துக்கொண்டதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. பெயர் உரிமையாளருடைய சொத்து, அது கைமாறிக்கொண்டே இருக்கும். 2009இல் ஈடோஸை ஸ்கொயர் எனிக்ஸ் வாங்கியது, 2022இல் அவர்களிடமிருந்து எம்பிரேசர் குழுமம் இத்தொடரை வாங்கியது. பழைய பெயரின்கீழ் வேறு விளையாட்டு வருகிறது என்று தெரிந்துகொண்டு விளையாடினால் ஏமாற்றம் பாதியாகக் குறையும். இந்த மாற்றத்தை, விளையாட்டை உருவாக்குபவர்களும் உணர்ந்தே இருக்கிறார்கள். 2018இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி டூம் ரெய்டர்' பாகத்தில் சண்டை, புதிர், தேடல் ஆகிய மூன்றின் கடினத்தையும் தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். தேடலைக் கடினமாக்கினால் விளிம்புகளின் வெள்ளைப் பூச்சு மறைந்துவிடுகிறது. பூச்சை அழிக்கும் வசதியைத் தாங்களே தருகிறார்கள் என்றால், அதைப் பற்றிய முணுமுணுப்பு அவர்கள் காதுக்கும் எட்டியிருக்கிறது.

உங்கள் மகள் 2024இல் வந்த முதல் மூன்று பாகங்களின் மறுபதிப்பிலிருந்து தொடங்கலாம். அதில் ஒரு பட்டனை அழுத்தினால் பழைய காட்சியும் புதிய காட்சியும் மாறி மாறி வரும். எது பிடிக்கிறதோ அதில் விளையாடட்டும். ஆனால் கட்டுப்பாட்டு முறையில் பழையதையே தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். புதிய முறை முதல் அரைமணி நேரம் எளிதாகத் தோன்றும். பிறகு கட்டக்கணக்கில் அமைந்த பள்ளங்களில் அது சரியாகப் பொருந்தாமல் தடுமாறுவதைக் காணலாம். கண்ணுக்குத் தெரிவதை ஒரு பட்டனில் மாற்றிவிட முடிந்தவர்களால் இந்தக் கட்டக்கணக்கை மாற்ற முடியவில்லை. லாராவின் வீட்டில் இருக்கும் பயிற்சிக்கூடத்தில் தாவலும் பற்றலும் கைக்குப் படியும்வரை பழகிவிட்டுக் குகைக்குள் போகட்டும். முதல் பாகம் முடிந்ததும் 'ஆனிவர்சரி', அதன்பின் 2013ஆம் ஆண்டுப் பாகம் என்று போவது, நீங்கள் கேட்ட கேள்வியை அவளே எடைபோட உதவும். இரண்டாம் பாகத்தை அவள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். மூன்றாம் பாகத்தை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அதன் லெவல்கள் பொறுமையைச் சோதிப்பவை, தொடர்மேல் பற்று வந்தபிறகு விளையாட வேண்டியவை.

அன்புடன்