ஒதோவும் ஒத்தோவும்: ஜப்பானிய மொழி கேள்வி – பதில்

கேள்வி: ஒரு மாதமாக ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துப் படிக்கிறேன். மனப்பாடமாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் பேசினால் ஆசிரியருக்குப் புரியவில்லை.
– கல்லூரி மாணவி, திருச்சி

நோட்டில் எழுதிய முறைதான் காரணம். நமக்குக் 'க' ஒன்றுதான். 'கண்' என்பதில் அது வலிந்து ஒலிக்கும், 'தங்கம்' என்பதில் மெலிந்து ஒலிக்கும். எங்கே எப்படி ஒலிப்பது என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடமே சொல்லிவிடும். ஜப்பானியத்தில் இடம் எதையும் சொல்லாது. நோட்டில் 'ககி' என்று இருந்தால், இரண்டாவது ககரத்தைக் 'கண்'போலச் சொன்னால் பெர்சிமன் பழம். 'தங்கம்'போலச் சொன்னால் சாவி.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. உயிரொலிகளுக்கு நடுவே ஒற்றைத் தகரத்தை வலித்துச் சொல்ல நம் நாக்குக்குப் பழக்கமில்லை. வலிக்க முயன்றால் தானாகவே இரட்டித்துவிடும். 'ஒதோ' என்றால் சத்தம். 'ஒத்தோ' என்றால் கணவன். 'கிதே' என்றால் வா; 'கித்தே' என்றால் தபால்தலை. தமிழர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பயிற்சி இதுதான்: 'ஒ' சொல்லி நிறுத்துங்கள். 'தோழன்' என்று தொடங்குவதுபோல 'தோ' சொல்லுங்கள். இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சேருங்கள். ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், தகரம் மெலிந்தாலும் இரட்டித்தாலும் உடனே தெரியும்.

தமிழ் எழுத்தை இன்றே விட்டுவிட்டு ஜப்பானியரின் அடிப்படை எழுத்தான ஹிரகானாவுக்கு மாறுங்கள். அடிப்படை எழுத்துகள் 46. நாளைக்கு 5 என்றால் பத்து நாளில் முடியும். வல்லொலி எழுத்தின் தலையில் இரண்டு சிறு கோடுகள் இட்டால் மெல்லொலி. நம் எழுத்தில் இல்லாத வசதி அது. எழுத்து வரிசையும் நமக்கு அந்நியமில்லை. அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. சமஸ்கிருத எழுத்தியல் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக வந்த வரிசை. ஹகரம் நிற்கும் இடத்தில் முற்காலத்தில் பகரமே ஒலித்தது.

'நு – மே', 'வா – நே – ரே' ஆகியவை கண்ணை ஏமாற்றும். ஒரே நாளில் சேர்த்துப் படிக்காதீர்கள். அடுத்து வரும் கதகானாவில் (அயல்மொழிச் சொற்களை எழுதும் எழுத்து) 'ஷி'யும் 'ட்சு'வும் ஒன்றுபோலத் தோன்றும். 'ஷி'யின் நீண்ட கோட்டைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், 'ட்சு'வின் கோட்டை மேலிருந்து கீழே. கையால் எழுதிப் படித்தவர்களுக்கு இது குழம்பாது. திரையில் மட்டும் பார்த்தவர்களுக்கு மாதக்கணக்கில் குழம்பும்.

கேள்வி: மாத்திரைக் கணக்கு ஜப்பானியத்திலும் உண்டு என்கிறார்களே, நம்முடையதுபோலவா?
– தமிழாசிரியர், மதுரை

உண்டு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு; அதுவரை நம் கணக்கேதான். மெய்யெழுத்தில்தான் வேறுபாடு. நமக்கு மெய் அரை மாத்திரை. அங்கே இரட்டித்த மெய்யின் முதல் பாதியும் சொல்லிறுதி 'ன்'னும் முழு மாத்திரை பெறும். 'நிப்பொன்' நமக்கு மூன்று மாத்திரை. அவர்களுக்கு நான்கு: நி-ப்-பொ-ன். தோக்கியோவும் நான்கே, இரண்டு ஓகாரமும் நெடில். ஹைக்கூவின் 5-7-5 எண்ணுவதும் இந்த மாத்திரையைத்தான்.

மேலே சொன்ன ஒதோவுக்கு இரண்டு தட்டு, ஒத்தோவுக்கு மூன்று. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லிப் பழகினால் நாக்கு திருந்தும். உங்கள் மாணவர்களுக்கு இது எளிதாக வரும் என்று நம்புகிறோம்.

கேள்வி: ஆங்கிலவழிப் பாடநூலில் இலக்கணம் படிக்கிறேன். தலை சுற்றுகிறது. 'சொரே', 'அரே' இரண்டுக்கும் 'அது' என்றே பொருள் போட்டிருக்கிறது.
– மென்பொருள் பணியாளர், சென்னை

ஆங்கிலத்தை நடுவே நிறுத்தாதீர்கள். தமிழிலிருந்து நேரே போங்கள். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். நம் வினையெச்சத்தின் இடத்தில் அங்கே 'தே' வடிவம். 'தபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார், 'ஷிதே ஒகு' செய்து வை, 'தபேதே ஷிமவு' சாப்பிட்டுவிடு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லும் 'இத்தே கிமாஸ்' அப்படியே நம் 'போய்ட்டு வர்றேன்'. ஆங்கிலம் வழியே வருபவர்கள் 'கெக்கொன் ஷிதே இமாஸ்' என்பதைத் 'திருமணம் நடந்துகொண்டிருக்கிறது' என்று புரிந்துகொள்வார்கள். 'கல்யாணம் ஆகியிருக்கிறது' என்பதே பொருள்.

கொரே இது, சொரே கேட்பவர் பக்கம் இருப்பது, அரே இருவருக்கும் எட்ட இருப்பது. சொரேக்குத் தமிழில் சொல் உண்டு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் வழங்கும் 'உது' அதுதான்.

தமிழ் காலை வாரும் இடம் 'இல்' உருபு. நமக்கு எல்லாவற்றுக்கும் 'இல்'. அங்கே இருப்புக்கு 'நி', செயலுக்கும் கருவிக்கும் 'தெ' (இந்தத் தகரம் 'பந்து' என்பதில் வருவது). வீட்டில் இருக்கிறேன்: உச்சி நி (சகரம் இரட்டிக்காமல் சொல்ல வேண்டும்). வீட்டில் சாப்பிடுகிறேன்: உச்சி தெ. பஸ்ஸில் போகிறேன்: பஸு தெ. 'நண்பரைச் சந்தித்தேன்' என்பதிலும் 'ஐ'க்கு நேரான 'ஒ' வராது, 'நி'தான் வரும். இன்னொன்று: வினையில் தன்மை, முன்னிலை, படர்க்கை விகுதி கிடையாது. 'இகு' என்ற ஒன்றே போகிறேன், போகிறாய், போகிறார்கள் எல்லாம். யார் என்பதைப் பேச்சின் போக்கில் பிடிக்க வேண்டும்.

இத்தனை ஒற்றுமையைக் கண்டு இரண்டும் ஒரே குடும்பம் என்று முடிவுகட்ட வேண்டாம். மொழியறிஞர் சுசுமு ஓனோ அப்படி ஓர் உறவை முன்வைத்தார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. படிக்கும் நமக்கு ஒற்றுமை பயன்படுகிறது, அது போதும்.

கேள்வி: ஜப்பானிய மொழித்திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யின் தொடக்க நிலை என்-5இல் மொத்த மதிப்பெண் போதுமான அளவு வந்தும் தோல்வி என்கிறார்கள். எப்படி?
– வாசகர், கோவை

180க்கு 80 எடுத்தால் மட்டும் போதாது. மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த 120இல் 38, கேட்டலுக்கான 60இல் 19 தனித்தனியே எட்ட வேண்டும். நீங்கள் கேட்டலில்தான் சறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். எழுத்துப் பயிற்சியிலேயே நேரத்தைச் செலவிடுபவர்களுக்கு இது நடக்கும். தேதிகள் பொறி வைக்கும் இடம்: 'யொக்க' 4ஆம் தேதி, 'யோக' (ககரம் 'கண்'போல) 8ஆம் தேதி. தட்டிப் பார்த்தால் இரண்டுமே மூன்று மாத்திரை; ஒன்றில் மெய் நிற்கிறது, மற்றதில் உயிர் நீள்கிறது. பேச்சுத் தேர்வு கிடையாது. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கிறது. விண்ணப்பம் சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும்.

கேள்வி: என்னை அறிமுகம் செய்யும்போது பெயருடன் 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்க்கலாமா?
– வாசகி, ஈரோடு

கூடாது. மற்றவர் பெயருக்கு மட்டுமே. 'நீங்கள்' என்பதற்கு 'அனாதா' என்று நூலில் இருந்தாலும் அவரது குடும்பப் பெயருடன் 'சான்' சேர்த்துச் சொல்வதே மரியாதை.

கேள்வி: சுத்த சைவம். வேலை விஷயமாக ஓசகா போகிறேன். 'பெஜிதாரியன்' என்று சொன்னால் போதுமா?
– வாசகர், தஞ்சாவூர்

போதாது. 'நிகு' என்றால் இறைச்சி. பலர் மீனை அதில் சேர்ப்பதில்லை. 'தஷி' என்ற அடிப்படைச் சாறு பெரும்பாலும் கத்சுவோ மீனின் உலர்ந்த சீவலில் எடுப்பது. மிசோ சூப், உதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் அது இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாது.

இரண்டு வாக்கியங்களைப் பாடம் செய்யுங்கள். 'நிகு மோ சகானா மோ தபேமசென்': இறைச்சியும் சாப்பிட மாட்டேன், மீனும் சாப்பிட மாட்டேன். 'கத்சுவோ நோ தஷி வா ஹய்த்தே இமாஸ் கா?': கத்சுவோ சாறு சேர்ந்திருக்கிறதா? ஹிரகானாவில் ஒரு சீட்டில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசகாவிலிருந்து ரயிலில் கோயா மலைக்கு ஒருநாள் போய்வரலாம். அங்கே கோவில் விடுதிகளில் 'ஷோஜின் ரியோரி' என்ற துறவியர் உணவு கிடைக்கும். மீன், இறைச்சி இல்லை. வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. சாறு கடற்பாசியிலும் ஷிதாகே காளானிலும் எடுத்தது. சாப்பிட உட்கார்ந்ததும் சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள்.