தாத்தாவின் தங்க லைக்கா

கேள்வி: இணைய ஏலத்தில் தங்க முலாம் பூசிய லைக்கா கேமரா ஒன்று வந்திருக்கிறது. மேலே ஜெர்மன் விமானப்படை முத்திரை. "தாத்தாவின் பொருள், எனக்குக் கேமரா பற்றித் தெரியாது, சோதிக்கவில்லை" என்கிறார் விற்பவர். இதே போன்றதற்கு மற்றவர்கள் மூன்று மடங்கு கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: லைக்கா என்று நம்பி வாங்காதீர்கள். தங்கமும் முத்திரையும் சேர்ந்து வந்தாலே எனக்குச் சந்தேகம்தான். 1932-இல் ஜெர்மனியில் வந்த 'லைக்கா II' மாடலைப் பார்த்து, 1934 முதல் அன்றைய சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் ஃபெட் என்ற கேமராவைச் செய்தார்கள். பின்னால் அதே சாயலில் சோர்க்கி என்ற சோவியத் கேமராவும் வந்தது. இவற்றின் பெயரைச் சுரண்டிவிட்டு லைக்கா என்று பொறித்து விற்பது ரொம்ப காலமாக நடக்கிறது.

"லென்ஸைக் கழற்றி உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். உள்ளே மேல்பக்கம், லென்ஸின் பின்புறத்தைத் தொடும் சின்னக் கை ஒன்று தெரியும். அசல் லைக்காவில் அதன் நுனியில் உருளும் சக்கரம் இருக்கும். ஃபெட்டிலும் சோர்க்கியிலும் ஆப்பு மாதிரி ஒரு துண்டு. படம் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மடங்கு என்றீர்களே, அது அவர்கள் கேட்கிற விலை. கேட்பதற்குக் காசா பணமா? ஏலத் தளத்தில் 'விற்றுமுடிந்தவை' என்று தனியாக வடிகட்டிப் பார்க்கலாம். அதே மாடலில் பத்துப் பதினைந்து பாருங்கள். வேலை செய்பவை ஒரு கணக்கு, செய்யாதவை வேறு கணக்கு. இரண்டையும் கலந்து சராசரி போட்டால் ஏமாறுவீர்கள்.

அப்புறம், 'சோதிக்கவில்லை'. இந்தக் கேமராவுக்குப் பேட்டரியே கிடையாது. சுற்றிவிட்டு ஷட்டரை அழுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும். எனவே அந்தச் சொல்லை 'சோதித்தேன், ஓடவில்லை' என்றுதான் நான் படிக்கிறேன். பழுது பார்க்கும் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை வைப்பேன். 1.35 வோல்ட் பாதரச பேட்டரி கேட்கும் கேமராக்களில் மட்டும், ஒளிமானியை (வெளிச்சத்தை அளக்கும் பாகம்) சோதிக்கவில்லை என்றால் ஒத்துக்கொள்ளலாம். அந்த பேட்டரி இப்போது வருவதில்லை.

நானும் பட்டவன்தான். ஒருமுறை ஒன்பது படம் போட்டிருந்தார் ஒருவர். எட்டில் தோலுறை, ஒன்றில் கேமராவின் முகம். ஆசையில் வாங்கிவிட்டேன். லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை. "உறை அருமை" என்றுதான் எழுதியிருந்தார், அதில் பொய்யில்லை! இப்போது லென்ஸுக்குப் பின்னால் விளக்கு வைத்து எடுத்த படம் கேட்காமல் பணம் கட்டுவதில்லை.

கேள்வி: விற்பவருக்கு நூறு சதவீத நற்பெயர் இருந்தால் போதாதா?

பதில்: எதை விற்றுச் சம்பாதித்த பெயர் என்று பாருங்கள். போன் உறை விற்று வாங்கிய நற்சான்று கேமராவுக்கு உதவாது. குறை சொன்னவர்களுக்கு அவர் எழுதிய பதில்களையும் படியுங்கள். பணத்தைத் திருப்பித் தந்தாரா, திட்டினாரா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: கடைசி நிமிடத்தில்தான் ஏலம் கேட்க வேண்டுமா?

பதில்: அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்த்து உங்கள் உச்சவிலையை முன்பே தாளில் எழுதுங்கள். அதைக் கடைசியில் ஒரே தடவை போடுங்கள். முன்கூட்டியே போட்டால் மற்றவர்கள் சீண்டிச் சீண்டி ஏற்றுவார்கள். எனக்குக் கடைசி நேரத்தில் கை துறுதுறுக்கும். அதனால் போட்டதும் கணினியை மூடிவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன்.