மகள் கார் பாதுகாப்பு படிக்கிறேன் என்கிறாள்: மன்னார்குடி அப்பாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ப்ளஸ் டூ முடித்த மகள், "காரில் இருக்கிற கம்ப்யூட்டரை யாரும் ஹேக் பண்ணாமல் காக்கிற வேலைக்குப் போகிறேன்" என்று சொன்னதிலிருந்து தூக்கமில்லை என்றீர்கள். இருபது வருடமாக கார், டிராக்டர் வயரிங் பார்க்கும் உங்களுக்கு இதைப் புரியவைப்பது எனக்குச் சுலபம்.

அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறது. 2015ல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இருவர், ஹைவேயில் போய்க்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை வீட்டில் உட்கார்ந்தபடியே முடக்கிக் காட்டினார்கள். நுழைந்த வழி, பாட்டு கேட்கிற டச் ஸ்கிரீன் சிஸ்டம். கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இப்போது ஐரோப்பாவில் புது கார்களுக்கு இந்தப் பாதுகாப்பு சட்டப்படி கட்டாயம். அங்கே வண்டி அனுப்புகிற கம்பெனிகளும் அவர்களுக்கு பாகம் செய்து தருகிறவர்களும் இதற்கென்று ஆள் வைத்தாக வேண்டும்.

ஸ்கேனர் மாட்டுகிற ஓபிடி சாக்கெட்டில் 6ஆவது, 14ஆவது பின்னுக்கு நடுவே மீட்டர் வைத்தால் பல வண்டிகளில் 60 ஓம் காட்டுமே, அந்த இரண்டு வயர்தான் கேன் லைன். இன்ஜின், பிரேக், மீட்டர் போர்டு எல்லாம் அதில்தான் பேசிக்கொள்கின்றன. ஊர்த் திருவிழா மைக்செட் மாதிரி: யார் பேசினாலும் எல்லாருக்கும் கேட்கும், ஆனால் பேசுவது யார் என்று மைக்குக்குத் தெரியாது. 1980களில் பாஷ் கம்பெனி இதை உருவாக்கியபோது வெளியாள் உள்ளே வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. வெளிநாட்டில் திருடர்கள் ஹெட்லைட்டைக் கழற்றி, பின்னால் வரும் கேன் வயரில் ஒரு கருவியைச் செருகி, சாவியே இல்லாமல் வண்டியை ஓட்டிப்போயிருக்கிறார்கள். அந்த மைக்கை யார் பிடிக்கலாம் என்று காவல் போடுவதுதான் உங்கள் மகள் பார்க்கப்போகும் வேலை.

அதனால்தான் கடன் வாங்கி, சைபர் செக்யூரிட்டி என்று பெயர்ப்பலகை போட்ட கோர்ஸில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. அல்லது இ.இ.இ. கிடைக்கிற கட்-ஆஃப் இருந்தால், இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்துகிற சாய்ஸ் ஃபில்லிங்கில் அதை மேலே வையுங்கள். வயரில் என்ன ஓடுகிறது என்று தெரியாதவர் காரைக் காக்க முடியாது. சி என்கிற புரோகிராம் மொழி, லினக்ஸ் என்கிற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்கிங் மூன்றையும் நான்கு வருடத்தில் அவளே கற்றுக்கொள்ளலாம். லினக்ஸில் கேன்-யூட்டில்ஸ் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. கார் இல்லாமலே, லேப்டாப்புக்குள் ஒரு பொய்க் கேன் லைன் போட்டுப் பழகலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். படித்து முடித்ததும் செக்யூரிட்டி என்ற பெயரில் வேலை கிடைப்பது அரிது. பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ எம்பெடட் டெஸ்டிங், அதாவது கருவிகளுக்குள் இருக்கிற குட்டி கம்ப்யூட்டர்களைச் சோதிக்கிற வேலையில்தான் தொடங்குவாள். இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் இந்தப் பக்கம் வர முடியும். டெல்டாவில் இந்த வேலை இல்லை, அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா என்றும் கேட்டீர்கள். தாராளமாக வரும்.

அப்புறம், பட்டறைக்கு வருகிற வாடிக்கையாளர் வண்டியில் அவள் எதையும் சோதித்துப் பார்க்கக் கூடாது. அனுமதியில்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் கெட்ட எண்ணத்தோடு நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. விளையாட்டாகச் செய்தேன் என்று போலீஸிடம் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட அப்பா சொன்னால் நிற்கும்.

பழைய மீட்டர் போர்டு, இசியூ (வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி) ஏதாவது மூலையில் கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் செமஸ்டர் லீவில், உங்கள் பட்டறை மேஜையிலேயே ஒரு 12 வோல்ட் பேட்டரி கொடுத்து அந்த மீட்டர் போர்டின் விளக்கை எரியவைக்கச் சொல்லுங்கள். வயர் கலரை நீங்கள் சொல்லிக்கொடுங்கள், லைனில் போகிற மெசேஜை அவள் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்.