மூன்று மாதம் கழித்து வரும் இருமல்

கேள்வி: என் மகனுக்கு வயது 17. ரத்தப் புற்றுநோய் (லிம்போபிளாஸ்டிக் லுகேமியா) திரும்ப வந்ததால், அவனுடைய அக்காவின் எலும்பு மஜ்ஜையை எடுத்து மாற்றினார்கள். அதற்கு முன் மூன்று நாள், காலையும் மாலையும், உடம்பு முழுவதும் கரண்ட் வைத்தார்கள். இப்போது மூன்று மாதம் ஆகிறது. பத்து நாளாக வறட்டு இருமல். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காய்ச்சல் இல்லை. "கரண்ட் வைத்ததில் நெஞ்சு வெந்துவிட்டது" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மாமியார் ஆடாதொடைக் கஷாயம் கொடுக்கிறார். நாங்கள் தவறு செய்துவிட்டோமா?
- ஒரு தாய், குலசேகரம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை அச்சுக்குக் காத்திருக்க விடவில்லை; படித்த அன்றே தொலைபேசியில் அழைத்தேன். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அவன் இரண்டு முறை இருமினான். சளியே இல்லாத, காய்ந்த இருமல். மாற்று செய்த மருத்துவமனைக்கு அன்றே தகவல் சொல்லச் சொன்னேன். இதே நிலையில் உள்ள மற்ற வீடுகளுக்காக மீதியை இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் தவறு செய்யவில்லை. புது மஜ்ஜை வேர்பிடிக்க வேண்டுமானால் பழையதை அழிக்க வேண்டும். ஒளிந்திருக்கும் புற்றணுக்களையும் அழிக்க வேண்டும். அதற்குத்தான் நீங்கள் 'கரண்ட்' என்று சொல்லும் கதிர்வீச்சு. இந்த நோயுள்ள பிள்ளைகளிடம் நடந்து 2021-இல் வெளியான 'ஃபோரம்' என்ற பன்னாட்டு ஆய்வில், கதிர்வீச்சு பெற்றவர்களில் 100-க்கு 91 பேர் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் உயிருடன் இருந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 75 பேர்தான்.

இந்தக் கதிர்வீச்சுக்கு நுரையீரல் ஒரு விலை கொடுக்கிறது என்பதும் உண்மை. காற்று நிறைந்த உறுப்பு என்பதால் கதிர் அதில் அதிகம் தடைபடாமல் பாய்கிறது. அதனால்தான் வழக்கமான 12 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை ஒரே மூச்சில் கொடுக்காமல் ஆறு தவணையாகப் பிரிக்கிறார்கள்; பல இடங்களில் நெஞ்சுக்கு நேரே கதிரைத் தடுக்கும் பாளங்களும் வைப்பார்கள். அப்படியும் சிலருக்குக் காற்றுப் பைகளின் உட்சுவர் புண்பட்டு, வாரக்கணக்கில் மெல்ல வீங்குகிறது. கரண்ட் வைத்த அன்று ஒன்றும் தெரியாது. ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலாகவும் மூச்சிரைப்பாகவும் வெளிப்படும். 'வெந்துவிட்டது' என்ற சொல்லை மட்டும் அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது பெரும்பாலும் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் வீக்கம்.

ஆனால் இருமலுக்குக் கதிர்வீச்சுதான் காரணம் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்ட முடியாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த இந்த மாதங்களில் சைட்டோமெகலோ வைரஸும், நிமோசிஸ்டிஸ், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளும் இதே முகத்தோடு வரும். காய்ச்சல் இல்லை என்பதும் ஆறுதல் அல்ல. அவன் சாப்பிடும் மாத்திரைகளே காய்ச்சலை அமுக்கிவிடக்கூடும். தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நெருப்பில் எண்ணெய். ஆகவே சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், தேவைப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, உப்புநீரால் அலசி எடுத்துப் பரிசோதிப்பார்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். மாமியாரின் அன்பில் குறை இல்லை. ஆனால் மாற்றுக்குப் பிறகு கொடுக்கும் மாத்திரைகளின் அளவு ரத்தத்தில் நூலிழையில் நிற்பது. எந்தப் பச்சிலை அதைக் கூட்டும், எது குறைக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இருந்தால், உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறையும் முற்றத்தில் ஆறு நிமிடம் நடந்தபின் ஒருமுறையும் பார்த்து எழுதுங்கள். 94-க்குக் கீழே போனாலோ, பேசும்போதே மூச்சு முட்டினாலோ, காய்ச்சல் 100.4 ஆனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். வாசலிலேயே 'மஜ்ஜை மாற்று செய்த பிள்ளை' என்று சொல்லுங்கள்.

தொலைபேசியில் பேச்சோடு பேச்சாக, வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் புகையிடும் கூடம் இருப்பதாகச் சொன்னீர்கள். அடுப்பு எரியும் நாட்களில் அவன் அங்கே இருக்கக் கூடாது. மழையில் பூசணம் பிடித்த ஷீட்டைத் துடைக்கும் வேலையும் அவனுக்கு ஆகாது.

மாற்றுக்கு முன் குழாயில் ஊதவைத்து ஒரு நுரையீரல் சோதனை எடுத்திருப்பார்கள். அந்தச் சீட்டைத் தேடி எடுத்துப் பையில் வையுங்கள். இப்போது ஊதும் அளவை அதனுடன் ஒப்பிட்டுத்தான் மருத்துவர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்.