எங்கள் ஆபீசில் ஆட்டிசம் உள்ள ஒருவர் வேலைக்குச் சேர்கிறார். கூட வேலை பார்க்கும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

கேள்வியோடு சேர்த்து, "எச்.ஆர். ஒரு விழிப்புணர்வு வகுப்பு வைக்கப்போகிறார்கள், அது போதுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். போதாது. வகுப்பில் எல்லோரும் கைதட்டிவிட்டு, மறுநாள் காலையில் அந்தப் புதியவர் மேஜையில் ஒரு ஃபைலைப் போட்டு "இதக் கொஞ்சம் பாத்து முடிச்சுருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனால் வகுப்புக்குச் செலவழித்த காசு வீண்.

நான் திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் சீனியர் அக்கவுண்டன்ட். எச்.ஆர். என்று சொல்வதால் உங்களுடையது பெரிய கம்பெனி என்று எடுத்துக்கொள்கிறேன். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது, ஆடிட்டர் சாரும் நாங்களும்தான். எங்களோடு வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு ஆட்டிசம். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டுத்தான் போடுகிறேன். ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். நான் டாக்டரும் இல்லை, சிறப்பாசிரியரும் இல்லை. ஆட்டிசம் உள்ள இரண்டு பேர் ஒரே மாதிரி இருக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். எனவே "எங்க பையன் அப்படி இல்லையே" என்று கமென்டில் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் ஆபீசில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தம்பி பி.காம். முடித்தவர், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் நன்றாகத் தெரியும். ஆனாலும் போன இன்டர்வியூ எல்லாம் முதல் கேள்வியிலேயே முடிந்திருக்கிறது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எதில் ஆரம்பிப்பது என்று அவருக்குப் பிடிபடாது. எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்தும் பேசமாட்டார். எங்கள் ஆடிட்டர் சார் கேள்வியே கேட்கவில்லை. ஒரு பனியன் கம்பெனியின் பர்ச்சேஸ் பில் கட்டைக் கொடுத்துத் தனி அறையில் உட்கார வைத்தார். "இதை டேலியில் ஏற்றுங்கள். சந்தேகம் வந்தால் இந்தத் தாளில் எழுதி வையுங்கள். ஒரு மணிக்கு வந்து பார்க்கிறேன்" என்றார். சரியாக ஒரு மணிக்குப் போனார். என்ட்ரி எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரு டையிங் (சாயப்பட்டறை) பில்லில் ஜிஎஸ்டி எண் 14 எழுத்துதான் இருக்கிறது, 15 வர வேண்டும் என்று தாளில் குறித்து வைத்திருந்தார். அன்றே வேலை கொடுத்தாயிற்று. சார் மேல் எனக்கு எத்தனையோ வருத்தம் உண்டு, ஆனால் இந்த ஒரு விஷயத்துக்காக அவரை யாரிடமும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி என்ற பட்டியல் வரும். நமக்குப் பில் போட்டவர்கள் தங்கள் கணக்கில் என்ன காட்டியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். அதில் வராத பில்லுக்கு இன்புட் எடுக்க, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள, முடியாது. நம் புத்தகத்தோடு ஒப்பிட்டு, 20-ம் தேதிக்குள் 3பி என்ற மாத ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும். திருப்பூரில் ஒரு கம்பெனிக்கே நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று பில் குவிந்து கிடக்கும். இதில் கட்சிக்காரர்கள், அதாவது எங்களிடம் கணக்குக் கொடுத்திருக்கும் கம்பெனிக்காரர்கள், வேறு. மாதம் முழுக்கக் கேட்டாலும் தராமல், 18-ம் தேதி ராத்திரி மஞ்சப்பையில் பில்லைத் திணித்துக்கொண்டு வந்து "காலைல முடிச்சுருங்க்கா" என்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சோறாக்க வேண்டியவர்கள் நாங்கள் என்ற நினைப்பு ஒருவருக்கும் இருக்காது. 20-ம் தேதி போர்ட்டலும் சுற்றிக்கொண்டே நிற்கும். இதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள், நிறைய எழுதுகிறேன்.

அப்படி ஒரு 19-ம் தேதி, இன்னொரு சீனியர் தம்பியிடம் "மிஸ்மேட்ச் எல்லாத்தையும் எடுத்து வைப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். பைசா ரவுண்ட் ஆனதில் வந்த வித்தியாசம், நம் புத்தகத்தில் நம்பர் 45 என்றும் 2பி-யில் 045 என்றும் இருந்த பில், ஒன்று விடவில்லை. பக்கம் பக்கமாகப் பிரின்ட் வந்தது. "ஒத்த ரூவா வித்தியாசத்துக்கெல்லாமா எழுதுவாங்க, அறிவில்ல?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார் அவர். தம்பி எழுந்து போய் மாடிப்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ரொம்ப ரோசக்காரனா இருக்கானே" என்று உள்ளே பேச்சு. நான் போய் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன், ஒன்றும் பேசவில்லை. கையை எடுத்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான். "எல்லாத்தையும்னு தானுங்க்கா சொன்னாரு?"

அப்படித்தான் சொன்னார். சொன்னதைச் செய்தவர் மேல் என்ன தப்பு?

அடுத்த மாதம் அந்த வேலையை நான் அரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். பத்து ரூபாய்க்குள் வித்தியாசம் என்றால் விட்டுவிடவும். தொகையும் தேதியும் ஒத்துப்போனால், பில் நம்பரில் முன்னால் பூஜ்யம் இருந்தாலும் ஒரே பில்தான். நம் புத்தகத்தில் இருந்து 2பி-யில் இல்லாததை மட்டும் தனி ஷீட்டில் போடவும். மதியம் 3 மணிக்கு என்னிடம் தரவும். மூன்று மணிக்கு ஷீட் என் மேஜைக்கு வந்தது. இன்று அந்த அரைத்தாளின் ஜெராக்ஸ் எங்கள் ஆபீசில் எல்லா மேஜையிலும் இருக்கிறது. புதிதாக வரும் பெண்களுக்கு முதலில் அதைத்தான் கொடுக்கிறோம். "பாத்து பண்ணு" என்றால் அவர்களுக்கும்தான் புரியவில்லை, கேட்கப் பயந்துகொண்டு இத்தனை நாள் தலையை ஆட்டியிருக்கிறார்கள்.

அரைத்தாள் எழுதிக் கொடுத்தால் ஆட்டிசம் சரியாகிவிடுமா என்று யாராவது கேட்பீர்கள். ஆட்டிசத்தைச் சரி செய்ய நாங்கள் யார்? வேலை சரியாக நடந்தது, ஒரு மனிதர் திட்டு வாங்காமல் வீட்டுக்குப் போனார்.

"ஒருவருக்கு மட்டும் சலுகையா?" என்ற கேள்வி எங்கள் ஆபீசிலும் வந்தது. தம்பி எப்போதும் இடது கையைப் புருவத்துக்கு மேல் குடை பிடித்தபடிதான் வேலை செய்வார். கேட்டபோது லைட் துடிக்கிறது என்றார். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சோக் போட்ட பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கித்தான் எரியும். சிலருக்கு அது தெரியும், தலைவலியில் கொண்டுபோய் விடும். நல்ல எல்.இ.டி. ஒன்று மாற்றினோம், அவ்வளவுதான் செலவு. பக்கத்து மேஜைப் பெண்ணுக்கும் சாயங்காலத் தலைவலி குறைந்தது. காதுக்கு அவரே ஒரு ஹெட்செட் கொண்டுவந்தார். "பாட்டுக் கேட்டுட்டு வேலை பாக்குறான்" என்று ஒரு கட்சிக்காரர் குறை சொன்னபோது, "அவர் பார்த்த கணக்கில்தான் உங்களுக்கு நோட்டீஸ் வராமல் இருக்கிறதுங்கண்ணா" என்று நான்தான் பதில் சொன்னேன்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது, அதில் ஆட்டிசமும் உண்டு, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் உண்டு. 1995-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் மொத்தமே 7 வகைதான். தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. உங்கள் எச்.ஆரிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் ஏடிஹெச்டி (கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்த முடியாமல் தவிக்கும் நிலை) அந்தப் பட்டியலில் இல்லை, அவர்களுக்கும் இதே உதவி தேவைப்படலாம். ஆகவே ஒரு லைட்டை மாற்றவும் ஒரு தாள் எழுதிக் கொடுக்கவும் சர்டிஃபிகேட் கேட்டு நிற்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் என்றாலே கம்ப்யூட்டர் மூளை என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மன் சாஃப்ட்வேர் கம்பெனி 2013-ல் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை அறிவித்தது, அதற்கு முன்பே பெங்களூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்குச் சிலரை எடுத்திருந்தார்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒவ்வொருவரிடமும் அதிசயத்தை எதிர்பார்ப்பது அநியாயம். எங்கள் தம்பியும் தப்பு விடுவார். ஃபோன் பேச அவருக்கு ஆகாது. பில் அனுப்பாத டையிங்காரரைக் கூப்பிட்டுக் கேட்கும் வேலையைப் பக்கத்து மேஜைப் பெண் செய்கிறாள், அவளுக்குப் பிடிக்காத 2பி ஒப்பீட்டை இவர் செய்கிறார். சம்பளம் வாங்க மேதையாக இருக்க வேண்டும் என்று நம்மில் யாருக்கும் விதி இல்லையே, அவருக்கு மட்டும் ஏன்?

உங்கள் வகுப்புக்கு வருகிறேன். அவர் சேரும் வாரத்தில் "ஆட்டிசம் பற்றி அறிவோம்" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், அது யாருக்காக என்று ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். சொல்வதா வேண்டாமா, யாரிடம் சொல்வது என்பதெல்லாம் அவர் முடிவு. முதலில் அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வகுப்பைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அவர் சேரும் முன்பே டீம் லீட் ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும். எந்த சீட், முதல் வாரம் என்ன வேலை, யாரிடம் சந்தேகம் கேட்பது, சாப்பாட்டு நேரம் எப்போது, ஃபோனில் பேசுவதா மெசேஜா. கடைசியில் "இதில் எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்டு, பதில் எழுத இடம் விடுங்கள்.