வகுப்பில் புரிந்த கணக்கு தனியாகப் போடும்போது ஏன் வருவதில்லை?

பலகையில் போடும்போது மாணவர்கள் "புரியுது சார்" என்கிறார்கள், நோட்டில் போடச் சொன்னால் முழிக்கிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது கவனக்குறைவு இல்லை, செயல்நினைவு, அதாவது வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் நினைவு, நிரம்பிவிடுகிறது. ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைத்துக் கையாளக்கூடிய புது விஷயங்கள் மிகக் குறைவு. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் ஏழு, கூடக்குறைய இரண்டு என்றார். இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் அதை ஏறத்தாழ நான்காகக் குறைத்தார்.

7/8 + 5/6 எடுத்துக்கொள்ளுங்கள். மீச்சிறு பொது மடங்கு 24. அதை மறக்காமல் 7-ஐ 3-ஆல் பெருக்கி 21, அந்த 21-ஐயும் விடாமல் 5-ஐ 4-ஆல் பெருக்கி 20, பிறகு கூட்டி 41/24. வாய்ப்பாடு தண்ணிபட்ட பாடாக இருப்பவருக்கு இது லேசு. விரல்விட்டு எண்ணும் பிள்ளைக்கு, மூவேழு எவ்வளவு என்று தேடுவதற்குள் 24 பறந்துவிடும். (வாய்ப்பாட்டு மனப்பாடத்தை நான் இளக்காரமாகப் பார்க்காததற்கு இதுதான் காரணம்.)

சரி, என்ன செய்யலாம்? தொடக்கத்தில் கணக்கைக் கொடுத்துத் தவிக்கவிடுவதைவிட, முழுக்கப் போட்டுக்காட்டிய கணக்கைப் படிக்கவைப்பது நல்லது. ஆய்வாளர்கள் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் இதைக் காட்டினார்கள். அடுத்த கணக்கில் கடைசி வரியை மட்டும் மாணவர் நிரப்பட்டும். அப்புறம் கடைசி இரண்டு வரிகள். வாயால் நாலு கட்டளைகளை அடுக்காமல் பலகையில் எழுதிப்போடுங்கள். கைதேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் இதே விளக்கம் தொல்லையாகிவிடும். அவர்களிடம் நேராகக் கணக்கையே கொடுத்துவிடலாம்.